யார் கையில் செல்லிடப்பேசி?

2020-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமுடக்கத்தால் தில்லி அடங்கிக் கிடந்த நாள்களில், தலைநகரின் சில பள்ளி மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் நடத்திவந்த ரகசியக் குழு ஒன்று அம்பலமானது. வயதுக்கு வராத சிறுமிகளின் படங்களைப் பகிர்ந்து அவர்கள் எழுதியிருந்த ஆபாச வாசகங்கள் நாட்டையே முகம் சுளிக்க வைத்தன. அவற்றோடு சேர்ந்து, பாலியல் வன்கொடுமைக்குத் திட்டமிடும் உரையாடல் ஒன்றும் சுற்றுக்கு வந்தது. தொலைக்காட்சி விவாதங்கள் தீர்ப்பு எழுதி முடித்த பிறகு, தில்லி காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு ஒரு தகவலை வெளியிட்டது. அந்த உரையாடல் அக்குழுவில் நடந்ததே அல்ல. ஸ்னாப்சாட் என்ற வேறொரு செயலியில் நடந்தது. திட்டத்தை முன்வைத்த "இளைஞன்" உண்மையில் ஒரு சிறுமி. தனக்குத் தெரிந்த பையன் ஒருவனின் குணத்தைச் சோதித்துப் பார்க்க, ஆண் பெயரில் கணக்கு தொடங்கிப் பேசியிருக்கிறாள்.

இதனால் அந்தக் குழுவில் நடந்த இழிசெயலின் கனம் குறைந்துவிடாது. ஆனால், இணையத்தில் இளையோர் யார் யாராக உலவுகிறார்கள், ஏன் அப்படி உலவுகிறார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியாது என்பதையும், தெரியாமலேயே முடிவுக்கு வர அவர்கள் தயங்குவதில்லை என்பதையும் அந்த ஒரு வாரம் காட்டிக் கொடுத்தது. அன்று தொலைக்காட்சித் திரையில் நடந்த விவாதம் இப்போது சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. அறியாமை மட்டும் பெரிதாக மாறவில்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. அந்த அறிவிக்கையின்படி, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். 18 வயது நிறையாத ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் குழந்தை. குழந்தையின் தகவல்களைக் கையாளும் முன்பு பெற்றோரின் "சரிபார்க்கத்தக்க ஒப்புதலை" நிறுவனம் பெற்றாக வேண்டும் என்கிறது 9-ஆவது பிரிவு. குழந்தைகளைப் பின்தொடர்ந்து அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அதே பிரிவு தடை செய்கிறது. மீறினால் ரூ. 200 கோடி வரை அபராதம்.

விளம்பரத்துக்கும் கண்காணிப்புக்கும் விதித்திருக்கும் தடை பாராட்டத்தக்கது. பன்னாட்டு நிறுவனங்கள் எளிதில் விழுங்கிக் கொள்ளும் மருந்தல்ல அது. அதைத் தளர்த்தும்படி எத்தனை நெருக்குதல் வந்தாலும் அரசு உறுதியாக நிற்க வேண்டும். சிக்கல் இருப்பது பெற்றோர் ஒப்புதல் என்ற முதல் ஏற்பாட்டில். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, எந்த வீட்டை, எந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது?

மேலை நாடுகளில் இந்த விவாதம் நடைபெறும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் முகம் தெரியும். தனக்கென ஓர் அறை, தனக்கென ஒரு செல்லிடப்பேசி, தாழிட்ட கதவு, நள்ளிரவு வரை ஒளிரும் திரை. அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024-இல் வெளியிட்ட "த ஆங்ஷியஸ் ஜெனரேஷன்" என்ற நூல் இந்தப் பிள்ளையைப் பற்றியதுதான். இளையோரின் மனநலம் சீர்குலைந்ததற்கு ஸ்மார்ட்போனும் சமூக வலைதளங்களுமே முதன்மைக் காரணம் என்பது அவரது வாதம். அதே ஆண்டு நவம்பரில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைதளக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் எதிரொலி தில்லிக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 2026 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை, இளையோரின் டிஜிட்டல் அடிமைத்தனத்தைக் கவலையோடு குறிப்பிட்டது. அதற்கு முன்பே, 13 வயதுக்குட்பட்டோருக்குத் தடை கோரிய பொதுநல மனுவை 2025 ஏப்ரலில் விசாரிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், இது அரசின் கொள்கை சார்ந்த விஷயம் என்று கூறியிருந்தது.

ஹைட் சொல்வது முழுவதும் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கல்வியுலகம் அவரோடு ஒருமித்து நிற்கவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. இளையோரின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புடைய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றனர் அவர்கள். அதே தரவுகளில் உருளைக்கிழங்கு உண்பதற்கும் மனநலத்துக்கும் இடையே காணப்பட்ட தொடர்பும் ஏறக்குறைய அதே அளவுதான். சராசரியைக் கணக்கிட்டால் பாதிக்கப்படும் சிறுபான்மையினர் மறைந்து போவார்கள் என்ற மறுப்பும் எழுந்தது. அந்த மறுப்பிலும் பொருள் உண்டு. இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வாதி, பிரதிவாதி, சாட்சி மூவரும் பெரும்பாலும் மேலை நாட்டவர். தீர்ப்பை மட்டும் இந்தியா கடன் வாங்கத் துடிக்கிறது.

இந்தியாவின் சாட்சியங்கள் இல்லாமலில்லை. ஊரகக் கல்வி நிலையை ஆண்டுதோறும் அளக்கும் "அசர்" அறிக்கைகளை எடுத்துக் கொள்ளலாம். 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களைச் சேர்ந்த 14 முதல் 18 வயது வரையிலான 34,745 இளையோரை 2023-இல் அந்த அமைப்பு சந்தித்தது. ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதைப் பயன்படுத்தவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால், பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். செல்லிடப்பேசியில் சில வேலைகளைச் செய்து காட்டுவதற்காக ஒரு கருவியைக் கொண்டுவரச் சொன்னபோது, கொண்டுவர முடிந்த பெண்களின் விகிதம் ஆண்களைவிடக் குறைவாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு 605 ஊரக மாவட்டங்களில் எடுத்த கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதினரிடம் இந்த இடைவெளி சற்றுக் குறைந்திருந்தது. பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36.2 சதவீதத்தினரும், சிறுமிகளில் 26.9 சதவீதத்தினரும் சொந்தக் கருவி வைத்திருந்தனர். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். சமூக வலைதளங்களில் உலவியவர்களில், தொல்லை தரும் ஒருவரைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம் மட்டுமே.

ஆக, இந்திய ஊர்ப்புறத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குச் செல்லிடப்பேசி என்பது சொந்தப் பொருளே அல்ல. அது அப்பாவுடையது, அல்லது அண்ணனுடையது. மாலையில் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகு ஒரு மணி நேரம் கிடைப்பது. காலையில் பாட்டி கேட்ட பக்திப் பாடல், மதியம் தம்பி பார்த்த பொம்மைப் படம், மாலையில் அக்கா தேடிய நுழைவுத் தேர்வு வினாத்தாள், இரவில் அப்பா பார்த்த கிரிக்கெட் என எல்லாம் ஒரே கணக்கின் கீழ் பதிவாகின்றன. நிறுவனத்தின் கணினிக்கு இவர்கள் நால்வரும் ஒரே ஆள். இந்த வீட்டில் "இணைய அடையாளம்" என்பது தனி மனிதருடையது அல்ல, ஒரு குடும்பத்தினுடையது. இதில் யாருடைய வயதைச் சரிபார்ப்பது? யாருடைய ஒப்புதலைக் கேட்பது? கணக்கு அப்பாவின் பெயரில் இருக்கும்போது, குழந்தை என்று ஒருவர் இருப்பதே சட்டத்தின் கண்ணில் படாது.

நித்யா சாம்பசிவன் தலைமையிலான ஆய்வாளர் குழு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலும் 199 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. பெண்ணின் செல்லிடப்பேசி குடும்பத்தினர் எவரும் எடுத்துப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த விதியை எதிர்த்துச் சண்டையிடாமல், பெண்கள் அதற்குள்ளேயே வழி கண்டுபிடிக்கிறார்கள். குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பூட்டுப் போடுகிறார்கள். தேடியதையும் பேசியதையும் அழித்துவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சிலவற்றைத் தொடாமலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தரங்கம் என்பது வசதி படைத்தோரின் கவலை என்று எண்ணும் பெண்கள்கூட நாள்தோறும் அந்தரங்கத்தைக் காப்பாற்றிக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் இதற்குச் சான்று உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் மானுடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது இடங்களில் நடந்த சமூக வலைதள ஆய்வின் ஒரு பகுதியாக, ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னையை அடுத்த தகவல் தொழில்நுட்ப வழித்தடத்தை ஒட்டிய கிராமங்களில் 15 மாதங்கள் தங்கி ஆராய்ந்தார். 2017-இல் வெளிவந்த அவரது நூலில் அந்த இடத்துக்கு அவர் சூட்டிய புனைபெயர் "பஞ்சகிராமி". புதிய ஊடகம் வந்ததும் பழைய சமூகம் கரைந்து போகும் என்ற எதிர்பார்ப்புக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. சாதி, குடும்பம், ஆண் பெண் வேறுபாடு ஆகிய அனைத்தும் முகநூலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் குடிபெயர்ந்திருந்தன. வருவாய் குறைந்த குடும்பங்களில் இளம்பெண்களின் செல்லிடப்பேசிப் பயன்பாடு வீட்டாரின் காவலுக்கு உட்பட்டிருந்தது.

பையன்களின் கதை வேறு. ஹைதராபாத் சேரிப்பகுதி இளைஞர்களை ஆராய்ந்த நிம்மி ரங்கசாமி, பொழுதுபோக்குக்காக முகநூலில் நுழைந்த பையன்கள் அதன் வழியாகவே இணையத்தைக் கற்றுக் கொண்டதைப் பதிவு செய்தார். அவரும் பாயல் அரோராவும் வலியுறுத்தும் கருத்து ஒன்று உண்டு. ஏழைப் பிள்ளையின் கையில் இணையம் இருந்தால் அது படிப்புக்கும் விவசாயத் தகவலுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது வசதி படைத்தோரின் மனப்பான்மை; விளையாட்டும் நட்பும் காதலும் அவர்களுக்கும் வேண்டும். கல்வியமைச்சகத்தின் கோப்புகளில் இடம்பெறாத உண்மை இது.

இந்தச் சாட்சியங்களோடு 9-ஆவது பிரிவை மீண்டும் படித்தால் அதன் விளைவு தெளிவாகும். 17 வயது மாணவி ஒருத்தி நுழைவுத் தேர்வுக்கான தளத்தில் பெயர் பதியவோ, உடல்நலம் பற்றிய ஐயத்தைத் தீர்க்கும் செயலியில் சேரவோ தந்தையின் ஒப்புதல் தேவைப்படும். கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் விதிகளில் சில விலக்குகள் தரப்பட்டிருப்பது உண்மை. ஆனால் ஒரு சிறுமி இணையத்தில் தேடும் எல்லாமே பள்ளிக்கூட வாசலிலோ மருத்துவமனை வாசலிலோ கிடைப்பதில்லை. அண்ணன் விஷயத்தில் தந்தை யோசிக்காமல் தலையசைப்பார். தங்கை விஷயத்தில் யோசிப்பார். இதுவரை வீட்டு வழக்கமாக மட்டும் இருந்த ஒன்றுக்கு இனிமேல் சட்டத்தின் முத்திரை கிடைக்கும்.

இது வெறும் அச்சமல்ல. 2019 ஜூலையில் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் ஒரு சமூகத்தைச் சேர்ந்த பெரியவர்கள் பன்னிரண்டு கிராமங்களுக்காகக் கூடி, திருமணமாகாத பெண்கள் செல்லிடப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். திருமணமாகாத ஆண்களைப் பற்றி அவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அதே ஆண்டில் கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரியின் மகளிர் விடுதி, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவியர் செல்லிடப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதித்தது. மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். அவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டது. அவர் வழக்காட முடிந்தது, வென்றார். 18 வயது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கும் பெண் ஒருத்தி, தன் வீட்டாருக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குச் செல்வாள்?

பெற்றோரின் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்குவதும் தவறு. முகம் தெரியாதவர்கள் சிறுமிகளிடம் நயமாகப் பேசிப் படம் வாங்கி மிரட்டுவது நடக்கிறது. தில்லி மாணவர் குழுவில் பரிமாறப்பட்ட படங்களில் இருந்தவர்களும் யாரோ பெற்ற பெண்கள்தான். ஆனால் அங்கே ஆபத்து வந்த திசையைக் கவனிக்க வேண்டும். வசதியான வீட்டுப் பையன்கள். பெரும்பாலும் சொந்தக் கருவி வைத்திருப்பவர்கள். ஒப்புதல் கேட்டிருந்தால் பெற்றோர் உடனே கொடுத்திருப்பார்கள். ஒப்புதல் படிவம் அந்தக் குழுவைத் தடுத்திருக்காது. மிரட்டப்படும் சிறுமிக்கு அது உதவவும் செய்யாது. வீட்டில் தெரிந்தால் செல்லிடப்பேசி பறிபோகும், படிப்பே நின்றுபோகும் என்ற பயம்தான் மிரட்டுபவனின் பெரிய ஆயுதம்.

இவ்வளவு தெரிந்தும் இன்னும் தெரியாதது ஏராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10 முதல் 19 வயது வரையிலானோர் ஏறத்தாழ 25 கோடி. இத்தனை பேரின் இணைய வாழ்வைப் பற்றித் திரட்டப்பட்டிருக்கும் அறிவு, சில நூறு பேரிடம் நடத்திய கள ஆய்வுகளும், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் என்று எண்ணும் கணக்கெடுப்புகளும்தான். எண்ணுவது எளிது. ஒரு பெண் ஏன் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு பூவின் படத்தை வைக்கிறாள், ஒரு தலித் இளைஞன் ஏன் தன் பெயரின் பிற்பகுதியை மறைக்கிறான் என்று கேட்டறிவது கடினம். அதற்கு ஆண்டுக்கணக்கான உழைப்பும், அந்தந்த மொழி தெரிந்த ஆய்வாளர்களும், பொறுமையாகப் பணம் தரும் அரசும் வேண்டும்.

ஆய்வு அறத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 18 வயது நிறையாதவரிடம் ஆய்வு நடத்தப் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் பெற வேண்டும் என்பது பொதுவான நெறி. நல்ல நெறிதான். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் கணக்கு வைத்திருக்கும் சிறுமியை, வீட்டின் ஒப்புதலோடு எப்படி ஆராய்வது? ஒப்புதல் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஆய்வேட்டில் இடம்பெறுவார்கள். யாருடைய நிலைமை அதிகம் தெரிய வேண்டுமோ அவர்கள் ஏட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

மிகப் பெரிய தரவுக் களஞ்சியமோ நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தந்த விவரப்படி, இந்தியாவில் வாட்ஸ்ஆப் பயன்படுத்துவோர் 53 கோடி, யூடியூப் 44.8 கோடி, முகநூல் 41 கோடி, இன்ஸ்டாகிராம் 21 கோடி. இந்தத் தளங்கள் இளையோரை என்ன செய்கின்றன என்பதை யாரையும்விட நன்றாக அறிந்தவர்கள் அவற்றின் உரிமையாளர்களே. இன்ஸ்டாகிராம் வளரிளம் பெண்களிடம் ஏற்படுத்தும் விளைவுகளைப் பற்றி அந்த நிறுவனமே நடத்திய ஆய்வுகள், 2021-இல் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் கசியவிட்ட ஆவணங்கள் வழியாகத்தான் உலகுக்குத் தெரிய வந்தன. அதன் பிறகு கதவுகள் இன்னும் இறுகின. 2023-இல் டுவிட்டர், ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தரவு கிடைத்துவந்த வழியை மூடியது. முகநூல் பதிவுகளை ஆராய உதவிய "கிரௌட் டாங்கிள்" என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடை செய்யப்பட்டபோது, சிற்றூர் இளைஞர்களும் இளம்பெண்களும் ஆடியும் பாடியும் நடித்தும் பதிந்துவைத்த ஒரு பெரும் சமூக ஆவணம் பார்வையிலிருந்தே மறைந்தது. தடையின் நியாயம் வேறு விஷயம். அந்த ஆவணத்தைப் பாதுகாத்து ஆய்வாளர்களிடம் ஒப்படையுங்கள் என்று கேட்கும் அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பும் நாட்டில் இருக்கவில்லை என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40-ஆவது பிரிவில், தகுதி பெற்ற ஆய்வாளர்களுக்குப் பெரும் தளங்கள் தரவு தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியச் சட்டத்திலும் ஆய்வுக்கு ஓர் இடம் உண்டு. ஆய்வுக்காகத் தரவைக் கையாள்வோருக்குச் சில நிபந்தனைகளோடு 17-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் கையில் இருக்கும் தரவுக்குத்தான் அந்த விலக்கு. தரவை நிறுவனத்திடமிருந்து கேட்டுப் பெறும் உரிமை எதையும் அது தரவில்லை. ரூ. 200 கோடி அபராதம் விதிக்கும் துணிவு உள்ள சட்டத்துக்கு, நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு விவரம் கொடு என்று கேட்கும் துணிவு வராதது விந்தை.

வயது வரம்பு 18 என்பது எப்படி வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். இந்தச் சட்டத்துக்கு அடித்தளமிட்ட நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தந்த அறிக்கையிலேயே, பிள்ளையின் தன்னுரிமை வளர்ச்சியைக் கருதினால் 18 அதிகமாகத் தோன்றலாம் என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. ஒப்பந்தச் சட்டம் முதலியவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அந்த எண் நிலைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் இந்த வரம்பு 13. ஐரோப்பாவில் 16, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக் கொள்ளலாம். பிள்ளைகளைக் கேட்டோ ஆராய்ந்தோ வந்த எண்ணல்ல இந்தியாவின் 18.

இதைத் திருத்த நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. பாதுகாப்பாகத் தரவைக் கையாளும் நிறுவனத்துக்கு, குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலிலிருந்து விலக்கு தர 9-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவே மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அதே உட்பிரிவின் கீழ் கண்காணிப்புக்கும் விளம்பரத்துக்கும் விதித்த தடையிலிருந்தும் விலக்கு தரலாம். நிறுவனங்கள் முதலில் வந்து நிற்பது அந்த விலக்குக்காகத்தான். அவை தம் பக்கத்து ஆய்வுகளையும் புள்ளிவிவரங்களையும் கட்டுக்கட்டாகக் கொண்டு வரும். மாணவியர் விடுதிகளிலிருந்தும், ஒரே செல்லிடப்பேசியை ஐந்து பேர் பகிரும் வீடுகளிலிருந்தும் வர வேண்டிய சான்றுகளைத் திரட்டும் பொறுப்பை எந்த அமைச்சகம் ஏற்கும் என்பது இதுவரை அறிவிக்கப்பட்ட விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை.